முள்ளங்கிப் பெட்டியில் வந்த மகன்

வாத்துக்குப் பாண்டாக் கரடி எப்படி மகனாயிற்று?

2008-ஆம் ஆண்டில் ‘குங்ஃபூ பாண்டா’ என்னும் அமெரிக்கச் சித்திரப்படம் வெளிவந்தபோது இந்தக் கேள்வியைப் பெரிதாக எழுப்பியவர் மிகச் சிலரே. பழஞ்சீனத்தின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் நூடுல்ஸ் சூப்பு விற்கும் சிறு கடை. கடைக்காரர் பிங் என்னும் முதிய வாத்து. அவருடைய மகன் போ என்னும் பருத்த பாண்டா. மகனின் இடுப்பளவு உயரங்கூடத் தந்தைக்கு இல்லை. படத்தின் ஓரிடத்தில், நெடுநாளைக்கு முன்பே மகனிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது என்று பிங் தயங்கித் தயங்கித் தொடங்குவார். பிறப்பின் இரகசியம் வெளிவரப்போகிறது என்று அரங்கம் செவியைத் தீட்டிக்கொள்ளும். அவர் வெளியிடுவதோ தம் சூப்பின் இரகசியம்! பார்த்தோர் வாய்விட்டுச் சிரித்தனர். கேள்வி அந்தச் சிரிப்பில் கரைந்து போயிற்று.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2011 மே மாதத்தில் வெளிவந்த இரண்டாம் பாகம், கரைந்துபோன அக்கேள்வியை மீண்டும் எடுத்து நம் முன் வைத்தது. தான் எங்கிருந்து வந்தவன் என்று மகன் தந்தையிடம் கேட்கிறான். நகைச்சுவைக்கென்றே பிறந்த பாத்திரத்தின் வாயிலிருந்து அத்தகைய கேள்வி வருமென்று ரசிகர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படத்தை மட்டுமன்றி, அதைக் கண்டோர் பலவாறாகப் பேசிய பேச்சுக்களையும் சேர்த்து எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு காரணங்களைக் காட்டிப் போற்றினர், தூற்றினர். உற்று நோக்கினால் அவர்கள் எல்லாருடைய வழக்கும் ஒன்றே என்பது நம் கருத்து. பெற்றவரின் உரிமை எதுவரை, வளர்த்தவரின் உரிமை எதுவரை என்பதே அவ்வழக்கு.

தொடர்ச்சிப் படத்துக்கென்று ஒரு தலைவிதி உண்டு. முன்னதைப் போலவே இருந்தால், ‘புதிதாக என்ன கண்டோம்?’ என்பார்கள். மாறியிருந்தால், ‘பழைய இன்பம் எங்கே?’ என்பார்கள். ‘குங்ஃபூ பாண்டா’வின் இரண்டாம் பாகமும் இதற்குத் தப்பவில்லை. முதற்படம் உலகெங்கும் ஏறத்தாழ 63 கோடி டாலர் ஈட்டியது. இரண்டாவது 66 கோடிக்கும் மேல் ஈட்டியது. ஆயினும் அமெரிக்காவில் மட்டும் 21 கோடியே 50 லட்சமாக இருந்த வருவாய் 16 கோடியே 50 லட்சமாகக் குறைந்தது. பிறந்த நாட்டில் கூட்டம் குறைய, பிற நாடுகளில் கூட்டம் பெருகியது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் இவ்வெண்கள் சொல்லும். வந்தவர்கள் எந்த நெஞ்சோடு திரும்பினார்கள் என்பதை அவர்களுடைய பேச்சிலிருந்துதான் அறிய வேண்டும்.

முதலில் கதையைச் சுருங்கக் காண்போம். கோங்மென் நகரை ஆளும் மயிற்குலத்தார் வாணவேடிக்கையைக் கண்டுபிடித்து மக்களை மகிழ்விக்கின்றனர். அவர்களுடைய மகன் ஷென், அதே வெடிமருந்தில் அழிக்கும் ஆற்றலைக் காண்கிறான். கறுப்பும் வெள்ளையும் கலந்த வீரன் ஒருவனால் அவன் வீழ்வான் என்று குறிசொல்லும் முதிய ஆடு முன்னுரைக்கிறது. உடனே ஓநாய்ப் படையுடன் சென்று பாண்டாக்களின் ஊரைச் சூறையாடுகிறான் ஷென். பெற்றோர் திடுக்கிட்டு அவனை நாடு கடத்துகின்றனர். பல்லாண்டுகளுக்குப் பின், பீரங்கிகளோடு அவன் திரும்பி வருகிறான். அவனை எதிர்க்கப் புறப்படும் போ, ஓநாய் ஒன்றின் கவசத்தில் பொறித்திருந்த சின்னத்தைக் கண்டு திகைத்து நிற்கிறான். மறந்துபோன மழலைப் பருவத்தின் காட்சி ஒன்று அவன் உள்ளத்தில் மின்னி மறைகிறது. அவன் வளர்ப்புத் தந்தையிடம் ஓடுகிறான்.

பிங் அப்போது சொல்லும் கதை எளியது. கடைக்கு வந்த முள்ளங்கிப் பெட்டி ஒன்றில் முள்ளங்கி இல்லை. பசித்த பாண்டாக் குட்டி ஒன்று இருந்தது. யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. உள்ளே அழைத்துச் சென்று ஊட்டினார், குளிப்பாட்டினார், மகனாக்கிக் கொண்டார். அவ்வளவே. ஆனால் இவ்வளவையும் சொல்லி முடித்தபின், மகனின் முகத்தை அவர் பார்க்கும் பார்வையில், இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் முழுவதும் இருக்கிறது. பிங்குக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஹாங் என்னும் சீன அமெரிக்க நடிகர். 1929-இல் பிறந்த அம்முதியவரின் குரல் இல்லாவிடில் இக்காட்சி பாதி உயிரை இழந்திருக்கும்.

இப்படத்தைக் கண்டு முகம் சுளித்தவர்களில் முதல்வகையினர், சிரிக்க வந்தவர்கள். ‘குழந்தைகளை அழைத்து வந்தோம், ஓர் இனத்தையே அழித்த கதையைக் காட்டுகிறார்களே!’ என்பது அவர்கள் குறை. இதை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. விளம்பரத்தில் குதித்தும் உருண்டும் சிரிப்பு மூட்டிய பாண்டாவை நம்பி வந்த தாய்க்கு, மடியிலிருக்கும் குழந்தை தேம்புவதைக் காணும்போது சினம் வருதல் இயல்பே.

ஆயினும் இயக்குநர் அக்கொடுமையை எவ்வளவு அடக்கத்தோடு கையாண்டிருக்கிறார் என்பதையும் நோக்க வேண்டும். இயக்குநர் ஜெனிஃபர் யூ நெல்சன் தென்கொரியாவிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவுக்குச் சென்றவர். ஆலிவுட்டின் பெரிய நிறுவனம் ஒன்றின் சித்திரப்படத்தைத் தனித்து இயக்கிய முதற் பெண்மணி அவரே. ஷென்னின் பழங்கதையை அவர் நிழற்பாவைக் கூத்தின் சாயலில் சொல்கிறார். போவின் கனவுகளும் அரைகுறை நினைவுகளும், கணிப்பொறியின் முப்பரிமாண உருவத்தில் அல்லாமல், தட்டையான தூரிகைச் சித்திரங்களாக வருகின்றன. நினைவு முழுமையாகத் திரும்பும் நேரத்திற்றான் தாயின் முகம் முழு உருவம் பெறுகிறது. குழந்தையைப் பெட்டியில் மறைத்துவிட்டு, பகைவரைத் தன் பின்னே ஈர்த்துக்கொண்டு பனியில் ஓடுகிறாள் அந்தத் தாய். அவளுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் படம் காட்டுவதில்லை. குழந்தை அறிய வேண்டிய அளவைக் குழந்தை அறிந்துகொள்கிறது. பெரியவர் அறிய வேண்டியதைப் பெரியவர் அறிந்துகொள்கிறார். துயரமே கூடாது என்று விலக்கினால், தாத்தா பாட்டி சொன்ன கதைகளிற் பாதியை நாம் விலக்க நேரும்.

சிரிக்க வந்தவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துயரம் நிலைகொள்ளும் முன்னரே வேடிக்கை ஒன்றைத் தூவி அதைக் கலைத்துவிடும் பழக்கம் இப்படத்திற்கு உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குள் சண்டைகளும் அளவுக்கு மிஞ்சியவை. ஆகவே சிரிக்க வந்தவர்க்கும் முழு நிறைவில்லை. அழ வந்தவர்க்கும் முழு நிறைவில்லை. இது குறையே.

இரண்டாம் வகையினரின் பேச்சே நம் நெஞ்சை அதிகம் தொடுவது. அவர்கள் பிறர் பெற்ற குழந்தையைத் தம் குழந்தையாய் வளர்ப்போர்.

இங்கே சீன நாட்டின் அண்மைக்கால வரலாற்றை நினைவுகூர வேண்டும். குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்னும் சட்டம் அந்நாட்டில் 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை நீடித்தது. அக்காலத்தில் எண்ணற்ற குழந்தைகள், பெரும்பாலும் பெண் மக்கள், சந்தைகளிலும் விடுதி வாயில்களிலும் விடப்பட்டனர். குழந்தையைக் கைவிடுதல் குற்றமாதலால், விட்டுச் சென்றவர்கள் தம் பெயரை எழுதி வைப்பதில்லை. 1992 முதல் அயல்நாட்டார் அக்குழந்தைகளை முறைப்படி ஏற்றுக்கொள்ளும் வழி ஏற்பட்டது. 2024 செப்டம்பரில் சீன அரசு, நெருங்கிய உறவினர் ஏற்கும் நேர்வுகளைத் தவிர, அவ்வழியை மூடிவிட்டதாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அயல்நாடுகளுக்குச் சென்றனர். அவர்களுட் பாதிப்பேர் சேர்ந்த இடம் அமெரிக்கா.

2011-இல் அமெரிக்க அரங்குகளில் அமர்ந்து, முள்ளங்கிப் பெட்டியிற் கிடந்த சீனத்துக் குட்டியைப் பார்த்தவர்களுள் இத்தகைய பிள்ளைகளும் இருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த பெற்றோர்க்கு மூச்சு நின்றிருக்கும்.

அவர்கள் இரு வேறு கருத்துக் கொண்டனர். ஒரு சாரார், தம் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் உள்ளே வைத்திருந்த கேள்வியைப் போ கேட்டுவிட்டான் என்று நன்றி பாராட்டினர். மறு சாரார், ஆறிவரும் புண்ணை முன்னறிவிப்பின்றிக் கிளறிவிட்டார்கள் என்று வருந்தினர். ‘உன்னைப் பெற்றவர்கள் உன்னை விரும்பவில்லை; எறிந்துவிட்டார்கள்’ என்னும் கருத்துப்பட ஷென் போவிடம் கூறும் இடம் ஒன்று உண்டு. அது பொய்யென்று பின்னர் விளங்கினாலும், அந்தப் பொய்யைக் கேட்ட பிள்ளையின் இரவு எப்படிக் கழியும் என்பது அப்பெற்றோரின் கவலை. படத்தில் பெண்புலிக்குக் குரல் கொடுத்த ஆஞ்சலினா ஜோலியும் பல நாடுகளிலிருந்து குழந்தைகளை ஏற்று வளர்ப்பவரே. தம் இல்லத்தில் இத்தகைய பேச்சு மறைவின்றி நடப்பதால் பிள்ளைகள் படத்தை இயல்பாக ஏற்றுக்கொண்டனர் என்ற பொருளில் அவர் அப்போது பேட்டிகளிற் பேசினார்.

இவ்விரு சாராருள் யார் பக்கம் நியாயம்? இருவர் பக்கமும் உண்டு என்பதே நம் தீர்ப்பு. அஞ்சியவர்களின் அச்சம், பிள்ளைமீது கொண்ட அன்பிலிருந்து பிறந்தது. ஆனால் படமே அந்த அச்சத்துக்கு விடை வைத்திருக்கிறது. பிங் உண்மையை ஒளித்தது தீய எண்ணத்தால் அன்று, பயத்தால். ஒளித்தமையாலேயே, எதிரி வந்து பொய்யைச் சொல்லும் வாய்ப்பு ஏற்பட்டது. தந்தை சொல்லாது விட்ட இடத்தைப் பகைவன் நிரப்பினான். கதையின் இந்தக் கட்டமைப்பு தற்செயலாய் அமைந்ததாகத் தோன்றவில்லை. நேர்மையாகச் சொல்லுங்கள், நேரத்தோடு சொல்லுங்கள் என்பதே அதன் உட்பொருள்.

நம் வாசகர்களுக்கு இது புதிய கருத்தன்று. சிறுவயதில் கவரப்பட்டு விற்கப்பட்ட ஜைது பின் ஹாரிதா (ரலி) அவர்களைத் தேடித் தந்தையார் மக்காவுக்கு வந்த வரலாற்றை நாம் அறிவோம். போவதும் இருப்பதும் அவர் விருப்பம் என்று விடப்பட்டபோது, தம்மை அன்போடு வைத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே தங்குவதாக அவர் தெரிவித்தார். அவ்வளவு நெருக்கம் இருந்தும், பின்னர் அவரைப் பெற்ற தந்தையின் பெயரோடு சேர்த்தே அழைக்கும்படி இறைக்கட்டளை வந்தது. வம்சத்தின் உண்மை மறைக்கப்படலாகாது. வளர்த்த அன்பும் குறைவுபடலாகாது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்க முடியும் என்பதை நாம் வாழ்க்கை நெறியாகக் கற்றிருக்கிறோம். படம் வேறோர் உலகிலிருந்து புறப்பட்டு, தன் வழியே நடந்து, இந்த வாயிலுக்கு அருகில் வந்து நிற்கிறது.

மூன்றாவது எதிரொலி சீனத்திலிருந்து எழுந்தது. அங்கே வழக்கு பாண்டாக் குட்டியைப் பற்றியதன்று, படத்தையே பற்றியது. பாண்டா சீனத்தின் செல்வம். குங்ஃபூ சீனத்தின் கலை. இவ்விரண்டையும் எடுத்து வளர்த்துப் பொருளீட்டியது அமெரிக்காவின் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம். அப்படியானால் இப்படம் யாருடைய பிள்ளை?

2008 மே 12-இல் பாண்டாக்களின் தாயகமான சிச்சுவான் மாநிலத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. மாண்டவரும் காணாமற் போனவருமாக ஏறத்தாழ 87 ஆயிரம் பேர். அந்தத் துயரம் ஆறுமுன் முதற்படம் அங்கு வந்தது. பாண்டாவை வைத்தே கலைப்படைப்புகள் செய்து பெயர் பெற்ற ஜாவ் பாந்தி என்னும் ஓவியக் கலைஞர், இதைப் பார்க்கலாகாது என்று கிளர்ச்சி செய்தார். சிச்சுவானில் மட்டும் வெளியீடு சற்றே தள்ளிப்போயிற்று. 2011-இல் இரண்டாம் பாகம் வந்தபோதும் அவர் மீண்டும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். மக்களோ அரங்குகளை நோக்கித் திரண்டனர். சுமார் 60 கோடி யுவான் வசூலாகி, அதுவரை சீனத்தில் வெளிவந்த சித்திரப்படங்கள் அனைத்தையும் அது விஞ்சியது.

எதிர்த்தவரைக் குறுகிய மனத்தினர் என்று ஒதுக்குவதும் எளிது. திரண்டவரை மானமற்றவர் என்று பழிப்பதும் எளிது. இரண்டும் தவறு. தன் வீட்டுப் பொருளைப் பிறன் கையில் காண்பவனுக்கு வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலி இரு வழிகளில் செல்லலாம். ‘அதைப் பார்க்காதே’ என்பது ஒரு வழி. ‘நம்மால் ஏன் இப்படிச் செய்ய இயலவில்லை?’ என்று தன்னையே கேட்டுக்கொள்வது மற்றொரு வழி. சீனத் திரைக்கலைஞர் பலர் 2008-லேயே இரண்டாம் வழியிற் சென்றனர். திரைப்பட இயக்குநர் லு சுவான் இதுபற்றி வெளிப்படையாக எழுதினார். கலைஞனுக்குத் தன் மரபை விளையாட்டாகக் கையாளும் உரிமை வேண்டும் என்பது அன்றைய விவாதத்தின் சாரமாக இருந்தது. அந்தக் கேள்வி வீண்போகவில்லை. 2019-இல் ‘நேஜா’ என்னும் சீனச் சித்திரப்படமும், 2025-இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தன. பின்னது 200 கோடி டாலருக்கும் மேல் ஈட்டி, உலகிலேயே மிகுதியாக வசூலித்த சித்திரப்படம் என்னும் நிலையை அடைந்தது. அதன் முதற் பாகத்திலும், ஊரார் வெறுக்கும் பிள்ளைக்காகத் தன் உயிரையே கொடுக்க முன்வரும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

வளர்த்த வீடும் தன் கடமையை அறவே மறந்துவிடவில்லை. முதற் படத்திற்குப் பின் படக்குழுவினர் சிச்சுவானின் செங்டு நகருக்குச் சென்று, பாண்டாக்களையும் பழைய தெருக்களையும் நேரிற் கண்டு வந்தனர். இரண்டாம் பாகத்தின் நகரக் காட்சிகளில் அதன் சாயல் தெரிகிறது. 2016-இல் வந்த மூன்றாம் பாகமோ ஷாங்காய் நகரத்துக் கூட்டு நிறுவனத்தோடு சேர்ந்து எடுக்கப்பட்டது. சீன மொழியிற் பேசும்போது உதடுகள் அம்மொழிக்கேற்ப அசையுமாறு சித்திரங்களைத் தனியே அமைத்தனர். பெற்ற வீடும் வளர்த்த வீடும் ஒரே பந்தியில் அமர்ந்ததற்கு ஒப்பானது அது.

இனி நான்காவது சர்ச்சை. இரண்டாம் பாகத்தின் இறுதியில் போ வெற்றியோடு ஊர் திரும்புகிறான். பிங் கலங்கி நிற்கிறார். தன் பிறப்பின் கதை முழுவதையும் அறிந்துகொண்டதாகச் சொல்லும் போ, தான் யாரென்ற வினாவுக்கு, ‘உங்கள் மகன்’ என்னும் ஒரே விடையைத் தருகிறான். பிறகு இருவரும் சமைக்கப் போகின்றனர். படம் இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த கணமே தொலைவிலுள்ள மலையூர் ஒன்று தோன்றுகிறது. அங்கே பாண்டாக்கள் வாழ்கின்றனர். பெற்ற தந்தை உயிரோடிருக்கிறார். மகனும் உயிரோடிருப்பதை உணர்கிறார். இதுகண்டு மகிழ்ந்தவர் பலர். அடுத்த பாகத்துக்குப் போட்ட தூண்டில் என்று சினந்தவரும் பலர்.

நாம் முதலிற் சினந்தவர் பக்கமே நின்றோம். வளர்த்தவரை மகன் ஏற்ற அந்தப் புனிதமான கணத்தின் ஈரம் காயும் முன்பே, பெற்றவரைக் கொண்டுவந்து நிறுத்துவது முறையா? மூன்றாம் பாகத்தைப் பார்த்த பின்னர் நம் கருத்து மாறியது. அதில் லீ ஷான் என்னும் பெற்ற தந்தை கடைக்கே வந்து நிற்கிறார். பிங் பொறாமையால் துடிக்கிறார். மகனின் பயணத்தில் ஒளிந்து தொடர்கிறார். இறுதியில், மகனுக்கு இன்னொரு தந்தை கிடைத்ததால் தமக்கு எதுவும் குறைந்துவிடவில்லை, மகனுக்குத்தான் கூடியிருக்கிறது என்னும் தெளிவுக்கு அவரே வருகிறார்; அதைப் பெற்றவருக்கும் எடுத்துரைக்கிறார். இந்தத் தெளிவை ஒரு வாத்தின் வாயில் வைத்தமைக்காக, அந்தத் தூண்டிலை மன்னித்துவிடலாம்.

ரசிகர்கள் ஏறக்குறைய ஒருமுகமாகப் போற்றிய பாத்திரம் ஒன்றுண்டு. அது மயில் ஷென். கேரி ஓல்ட்மனின் குரலும், விசிறிபோல் விரியும் தோகையும், இறகுகளிடையே ஒளித்த கத்திகளும் காரணம் என்பார்கள். அவை மேற்பூச்சே. காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

இந்தக் கதை வரிசையில் மூன்று மகன்கள் இருக்கின்றனர். முதற் பாகத்தின் பகைவனாகிய டை லங் என்னும் பனிச்சிறுத்தையும் கண்டெடுக்கப்பட்ட குட்டிதான். குரு ஷிஃபூ மகனாக வளர்த்தவன்தான். ஆனால் ஷிஃபூ ஊட்டிய அன்பில் பெருமிதம் அதிகம், கண்டிப்புக் குறைவு. நீயே தலைவனாவாய் என்று கேட்டு வளர்ந்தவன், பட்டம் கிட்டாதபோது ஊரையே சூறையாடினான். இரண்டாமவன் ஷென். இவன் பெற்றோரின் மடியிலேயே வளர்ந்தவன், அரண்மனைக்கு உரியவன். மகனை நாடு கடத்திய துயரமே அப்பெற்றோரைக் கொன்றது. அவனோ அவர்கள் தன்னை வெறுத்ததாகவே எண்ணிக் கொண்டிருந்தான். குறிசொல்லும் முதியவள் உண்மையைச் சொன்னபோதும் அதை ஏற்கவில்லை. மூன்றாமவன் போ. அரண்மனை இல்லை, பட்டம் இல்லை, பெட்டியில் வந்தவன். ஆனால் கிடைத்த அன்பை அன்பென்று அறிந்தவன்.

இரத்த உறவு இருந்தும் அன்பை உணராதவன் ஒருவன். வளர்ப்பில் அன்பு இருந்தும் அதை உரிமையாக மட்டுமே எண்ணியவன் மற்றொருவன். இருவரும் ஊரை அழித்தனர். சூப்புக் கடைக்காரரின் மகன் ஊரைக் காத்தான். பெற்றோரை இழக்கச் செய்தும், பொய் சொல்லி வருத்தியும் உன்னால் எப்படி அமைதி காண முடிந்தது என்று கடைசிப் போரில் ஷென் வியந்து கேட்கிறான். நடந்ததைப் பற்றிக் கொண்டிராமல், இப்போது என்னவாக இருக்க விரும்புகிறோம் என்பதைத் தெரிந்துகொள்வதே வழி என்னும் கருத்துப்பட போ மறுமொழி சொல்கிறான். பகைவனுக்கும் அவன் வழி காட்டுகிறான்; பகைவன் ஏற்கவில்லை. ரசிகர்களின் மனத்தில் ஷென் நிலைத்ததற்குக் காரணம், போ ஆகியிருக்கக்கூடிய மற்றொரு உருவம் அவன் என்பதே.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு 2024-இல் வந்த நான்காம் பாகத்தையும் அதுபற்றிய பேச்சையும் காண்போம். ரசிகர்களின் முதன்மையான முறையீடு, போவின் தோழர்களாகிய ஐந்து வீரர்கள் படத்தில் இல்லை என்பது. பெண்புலி, குரங்கு, நாரை, பாம்பு, கும்பிடுபூச்சி ஆகிய ஐவரும் இறுதியில் வாய்பேசாமல் தோன்றி மறைகின்றனர். முறையீடு நியாயமானதே. ஆனால் உண்மையான குறை அதுவன்று. இரண்டாம் பாகத்திலும் புலியைத் தவிர மற்ற நால்வருக்கு வேலை மிகக் குறைவு. அதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. அங்கே கேள்வி ஒன்று உயிரோடு இருந்ததால் ரசிகர்கள் ஆட்குறையை உணரவில்லை. நான்காம் பாகத்தில் கேள்வி மெலிந்துவிட்டது. ஆகவே ஆட்குறை கண்ணை உறுத்துகிறது.

வேடிக்கை என்னவெனில், நல்ல கேள்விக்கான விதை அப்படத்திலும் இருந்தது. ஜென் என்னும் பெண் நரி, தெருவில் அநாதையாய்த் திரிந்தபோது ஒரு பச்சோந்தியால் எடுத்து வளர்க்கப்பட்டவள். எடுத்தவளே அவளைத் தன் சூழ்ச்சிக்குக் கருவியாக்குகிறாள். பிங் எடுத்து வளர்த்ததற்கும் பச்சோந்தி எடுத்து வளர்த்ததற்கும் என்ன வேறுபாடு? வளர்த்தவர்க்கு நன்றி எதுவரை? இக்கேள்விகளை அப்படம் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. மகனைத் தேடிப் பிங்கும் லீயும் ஒன்றாய் வழிநடக்கும் காட்சிகள் மட்டுமே பழைய ஈரத்தோடு இருக்கின்றன. 8 கோடியே 50 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் 54 கோடி ஈட்டியது. 15 கோடியில் எடுத்த இரண்டாம் பாகத்தோடு ஒப்பிட்டால் வணிகர்க்கு இது நல்ல கணக்கே. ஆனால் பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் பெற்றோரிடம் கேட்ட கேள்விகள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆகவே ரசிகப் பெருமக்கள் தொடர்ச்சிப் படங்களை எடைபோடும்போது, ‘பழைய முகங்கள் எல்லாம் வந்தனவா?’ என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். ‘முன்பு சிரித்துத் தள்ளிவிட்ட எதையாவது இப்போது எண்ணிப் பார்க்க வைத்தார்களா?’ என்றும் கேட்க வேண்டும். 2008-இல் ஒரு வாத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சூப்பைப் பற்றிப் பேசியது, நாம் சிரித்தோம். 2011-இல் அந்த வாத்து முள்ளங்கிப் பெட்டியை எடுத்துவந்து மகன் முன் வைத்தது. பெட்டியின் கதை கேட்டும் மகன் வளர்த்தவரை விட்டுப் போகவில்லை.

பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாய் வளர்ப்போர் எந்த நாட்டிலும் உண்டு; நம் உறவினரிடையேயும் உண்டு. அவர்களுள் எத்தனையோ பேர், பிங்கைப்போலவே, இன்று சொல்லலாமா நாளை சொல்லலாமா என்று நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இப்படத்தைப் பிள்ளையோடு அமர்ந்து ஒருமுறை பார்க்கலாம். படம் முடிந்தபின் பிள்ளை ஏதேனும் கேட்டால், சூப்பைப் பற்றிப் பேசாதிருப்பார்களாக.